சோடா மூடிச் சக்கரம்

சொர்ணபாய்க்குப் பின்னால தவசிமணியோட நீல டிராக்டர் தன்னால நடந்து போன அன்னைக்கு ஈசாக்குபுரத்துல யாரும் வாயப் பிளந்துட்டு நிக்கல; கோயில் ஏலத்துல போன சாமான் எடுத்தவ வீட்டுக்குத்தானே போகணும், கோழியா இருந்தா கால்ல கயித்தக் கட்டித் தூக்கிட்டுப் போவாவ, பூசணிக்காயா இருந்தா இடுப்புல இடுக்கிட்டுப் போவாவ, டிராக்டர யாரு தூக்குவா, அது நடந்து போச்சு, அவ்வளவுதான். பாதைய அடைச்சு நின்ன ஆடுகள மட்டும் நான் ஓரமா விரட்டி விட்டேன். ஏலம் கூறுனவன் நான்தாம்லா, அந்த மட்டுக்கு எனக்கும் ஒரு பொறுப்பு உண்டு.

என் பேரு அருமைநாயகம். வருசம் பூரா ஆட்டுத் தரகு, மார்கழி வந்தா கோயில் ஏலம். எங்க கோயில்ல அறுப்பின் பண்டிகை கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, பனி விழுத குளிர்ல வரும். அவனவன் முதல் விளைச்சலக் கொண்டாந்து பீடத்துல வைப்பான், ஆராதனை முடிஞ்சதும் நான் அத ஏலம் விடுவேன். ஆனா எங்க ஏலத்துல ரூவா பேசக்கூடாது. அவனவன் கையால விளைஞ்சது, வளத்தது, செஞ்சது எதுவோ அதுதான் கேள்வி. ஒருத்தன் 'ஒரு சேவல்'ம்பான், அடுத்தவன் 'ஒரு குலை வாழை'ம்பான். எது பெருசுன்னு நான் சொல்லப்படாது. "ஏறிட்டா?"ன்னு சபையப் பாத்துக் கேப்பேன், "ஏறிட்டு"ன்னு சபை சொன்னா ஏறிட்டு. கேட்ட பொருளும் பீடத்துல வரணும், கேட்டவன் எடுத்துட்டா அதுவும் ஏலத்துக்கு உண்டு. ரெண்டு பேரு சேந்து கூட்டுக் கேள்வி கேக்கப்படாது. கேள்வியே வராத சாமான் வச்சவுக பேருக்கே திரும்பப் போயிரும். மூணாந்தரம் சொல்லுததுக்கு முன்னால "யார் பேருக்கு?"ன்னு நான் கேக்கணும், ஏன்னா எடுத்தது தனக்குத்தான்னு கட்டாயம் கிடையாது, படுக்கையில கிடக்கவன் பேருக்கு, பம்பாயில இருக்க மகன் பேருக்குன்னு எடுப்பாவ. பேரச் சொன்னதும் கைமணிய அடிச்சிருவேன். அடிச்சா அடிச்சதுதான்.

சொர்ணபாய் எங்க ஊரு தையல்காரி. நாப்பதத் தாண்டிட்டா, கல்யாணம் கட்டிக்கிடல, வீட்டுல ஒரு தையல் மிசினும் சுவரு பூரா அலமாரியும்தான். அலமாரி நிறையப் பொம்மை டிராக்டரு. சின்னப்பிள்ளையில வயல்ல நின்ன டிராக்டர்ல ஏறப் போனவள, பொட்டப்பிள்ள ஏறுனா வண்டி விளங்காதுன்னு அவ அப்பா கையப் பிடிச்சு இறக்கி விட்டாராம். அந்த வருசமே திருவிழாக் கடையில ஒரு தகர டிராக்டர அடம்பிடிச்சு வாங்கினா. அதுல ஒரு முன்சக்கரம் தொலைஞ்சு போக, சோடா மூடியத் துளை போட்டு மாட்டிக்கிட்டா. அதுலருந்து எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் ஒரு பொம்மை டிராக்டரு இல்லாம திரும்ப மாட்டா. சும்மா வாங்கி அடுக்குதவ இல்ல. ரோட்டுல ஏதாவது ஒரு டிராக்டரு மனசுக்குப் பிடிச்சா, பொம்மைக்குப் பெயிண்ட் அடிச்சு அதே மாதிரி வரைவா. அதே கலரு, அதே நசுங்கல், மட்காடுல எழுதுன அதே வசனம், கண்ணேறுக்குக் கட்டுன கறுப்புக் கயிறு வரைக்கும். சுத்துப்பட்டுல ஓடுத டிராக்டர் பூராவும் அவ அலமாரியில குட்டியா நின்னுச்சு. அந்தச் சோடா மூடி வச்ச தகர டிராக்டரு மட்டும் எதையும் பாத்துச் செஞ்சதில்ல, அது மாதிரி ஒரு வண்டிய யாரும் எந்த ரோட்டுலயும் பாத்ததும் இல்ல.

மழ பொய்ச்ச வருசம், தவசிமணிக்குப் பீடத்துல வைக்க ஒரு கதிரு கூட இல்ல. எல்லாரும் கைநிறையக் கொண்டு போகும்போது வெறுங்கைய வீசிட்டுப் போக வெக்கப்பட்டு, தன் பிள்ளைக்குச் சொர்ணபாய் வரைஞ்சு கொடுத்த நீல டிராக்டர் பொம்மைய எடுத்துட்டு வந்தான். உழவு ஓட்டித்தான் நான் பிழைக்கேன், இதுதான் என் விளைச்சல்னு சொல்லி வச்சான். சொர்ணபாய்க்கோ அந்தப் பொம்மையக் கொடுத்ததுல உள்ளுக்குள்ள ஒரு வருத்தம், அவ வரைஞ்சதுலயே நல்லா வந்தது அதுதான். "ஒரு பாவாடை சட்ட தச்சுத் தாரேன்"ன்னு கேட்டா. பொம்மைக்கு யாரு மேல கேப்பா? யார் பேருக்குன்னேன், என் பேருக்குன்னா, மணிய அடிச்சேன். வெளிய வேப்பமரத்தடியில நின்ன தவசிமணியோட வண்டி, 'கர்த்தர் துணை'ன்னு மட்காடுல எழுதுன அதே நீல வண்டி, டுபுடுபுன்னு தன்னால ஸ்டார்ட் ஆச்சு.

அன்னைக்கே தவசிமணி அவ வீட்டுக்குப் போனான். "அக்கா, ஏதோ தெரியாம நடந்து போச்சு"ன்னான். "எனக்கு எதுக்கு தம்பி உன் வண்டி, எடுத்துட்டுப் போ"ன்னு அவ பொம்மைய அவன் கையில கொடுத்துட்டா. பொம்மை போச்சு, வண்டி போகல. அவன் சீட்டுல ஏறி உக்காந்தா எஞ்சின் செத்துப் போச்சு, இறங்குனா உயிர் வந்துச்சு. குருவானவர் வந்து பாத்துட்டு, மணி அடிச்சதுக்கு மேல நான் என்ன செய்யட்டும், அடுத்த மார்கழியில சொர்ணபாயே பொம்மையத் திரும்பப் பீடத்துல வைக்கட்டும், தவசிமணி கேட்டு எடுத்துக்கிடட்டும்னாரு. வண்டிப் பதிவு பாக்குத ஆபீசர் ஒருத்தரு கேள்விப்பட்டு ஜீப்ல வந்தாரு. புக்கு தவசிமணி பேருல, வண்டி இந்தம்மா பேச்சக் கேக்குதேன்னு ரொம்ப நேரம் தலையச் சொறிஞ்சாரு, ஒரு இளநியக் குடிச்சாரு, போயிட்டாரு.

அந்த வருசம் நடந்தத எப்பிடிச் சொல்ல. அவ கடைக்குப் போனா வண்டியும் கடைக்கு, கோயிலுக்குப் போனா வண்டியும் கோயிலுக்கு. உழவு நேரம் வந்துச்சு, வண்டி வேற யாருக்கும் அசையல, சொர்ணபாய்தான் ஏறியாகணும். தவசிமணி கூடவே ஓடிக்கிட்டு கிளட்சு இது, கியர் இதுன்னு சொல்லிக் கொடுத்தான். முதல் உழவுச் சால்ல வண்டி வளைஞ்சு வளைஞ்சு போச்சு. மூணாவது சால்ல அவ சிரிச்சா. அவ பல்லத் தெரியச் சிரிச்சு நான் அதுக்கு முன்னால பாத்ததே இல்ல. உழவுக்குக் கிடைச்ச நெல்லு, தேங்கா அவ்வளவும் தவசிமணி வீட்டுக்குத்தான் போச்சு, அதுல அவ ஒரு குத்தம் வைக்கல. இருந்தாலும் தன் வண்டி உழுதத வரப்புல நின்னு பாக்குததுன்னா ஒரு மனுசனுக்கு எவ்வளவு கஷ்டம். அவன் மெலிஞ்சு போனான். கடையில வந்து உக்காந்தா டீ ஆறிப்போகும், பயலுக்குக் கண்ணு ரோட்டுல இருக்கும்.

இவ பக்கம் என்னன்னா, தைக்கக் கொடுத்த துணி அப்பிடியே கிடந்துச்சு, புதுசா ஒரு பொம்மைய வாங்கல, வரையல. காலையில எழுந்தா வண்டியத் துடைப்பா, வேலை இல்லாத நாள்லயும் ஊருக்குக் கிழக்க செம்மண் தேரி மேடு வரைக்கும் ஓட்டிட்டு வருவா. தவசிமணி பொண்டாட்டி ரூத்து தண்ணிக் குழாயடியில அவகிட்ட, "மார்கழியில வைப்பியளா அக்கா?"ன்னு கேட்டா. "வைப்பேன்"ன்னா. புரட்டாசியில மறுபடி கேட்டா. "பாப்போம்"ன்னா. அந்த ஒரு வார்த்தை ஊரு பூரா சுத்திட்டு வந்துச்சு, பாதிப் பேரு அவளத் திட்டுனாவ, பாதிப் பேரு முறையா எடுத்தத ஏன் விடணும்னாவ, ரூத்து ராவெல்லாம் தூங்காம மூஞ்சி வீங்கிக் கிடந்தா. என்னையும் ரோட்டுல நிப்பாட்டி நிப்பாட்டிக் கேட்டாவ. மணி அடிக்கவன் நான்தானே.

இதுக்கு நடுவுல வந்து சேந்தாரு சூளைக்கார ஜெயசிங். பக்கத்து ஊருல செங்கச்சூளை வச்சிருக்காரு, ஊதாக் கலருல நாலு டிராக்டரு, ஆனா ஞானஸ்நானம் எடுத்தது எங்க கோயில்ல, அதனால கேள்விக்கு உரிமை உண்டு. டிரைவர் இல்லாம பின்னால வார வண்டின்னதும் அவருக்கு நாக்குல தண்ணி ஊறிட்டு. சம்பளம் கேக்காது, லீவு கேக்காது, எங்க குளத்து மண்ண ராப்பகலா அள்ளிட்டுப் போகும். ஐப்பசி மழையில எங்க கோயில் சுத்துச்சுவரு இடிஞ்சு விழுந்து கிடந்துச்சு. அவரு வந்து அந்த இடிஞ்ச சுவத்தப் பைய நடந்து பாத்தாரு, எங்கிட்ட, "தரகரே, செங்கலும் கேள்விதானே?"ன்னாரு. என்னத்தச் சொல்ல. சூளைய வச்சவரு அவரு, செங்கல் வெந்தது அவரு சூளையில. கேள்விதான்னேன்.

மார்கழி வந்துச்சு. அன்னைக்குக் காலையில பனி மூட்டத்துல பத்தடிக்கு அங்கிட்டு ஆளு தெரியல. கோயில் நிரம்பி வாசப்படி வரைக்கும் சனம். சொர்ணபாய் வருவாளா மாட்டாளான்னு எல்லாரும் ரோட்டயே பாத்துட்டு இருக்கோம், ஆராதனை தொடங்கியாச்சு, பாட்டு முடியப் போவுது, அப்பதான் டுபுடுபுன்னு சத்தம். நீல வண்டியில டிரெய்லர் மாட்டி, மேல தார்ப்பாய் போத்திக் கொண்டு வந்தா. முந்தின நாளே தவசிமணிகிட்ட இருந்து கேட்டு வாங்கின பொம்மைய சேலை முந்தியில இருந்து எடுத்து, நேரா நடந்து போய், யாரையும் பாக்காம பீடத்துல வச்சா. ரூத்து அழுதுட்டா. சந்தோசப்படுததா பயப்படுததான்னு யாருக்கும் தெரியல, ஏன்னா முன் பெஞ்சுல ஜெயசிங் வெள்ளச் சட்டையோட உக்காந்திருக்காரு.

பூசணி போச்சு, முருங்கை போச்சு, கருப்பட்டி போச்சு. கடைசியில பொம்மையத் தூக்கிக் காட்டுனேன்.

"ஒரு கெடா"ன்னான் தவசிமணி.

"ஒரு வண்டி செங்கல்"ன்னாரு ஜெயசிங்.

"ஏறிட்டா?"ன்னேன். சொல்ல யாருக்கும் மனசில்ல. ஆனா இடிஞ்ச சுவரு ஜன்னல் வழியா எல்லாருக்கும் தெரியுது, பொய் சொல்ல முடியாது. ஏறிட்டுன்னாவ.

தவசிமணி கெடாவோட ரெண்டு ஆட்டச் சேத்தான், ரூத்து வளத்த கோழியெல்லாம் சேத்தான், நிக்குத வாழைத் தோட்டத்தச் சேத்தான். ஜெயசிங் வாயில இருந்த வெத்தலைய மெல்லுததக்கூட நிறுத்தாம வண்டி வண்டியா ஏத்திக்கிட்டே போனாரு. ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் பெஞ்சுல நெளியுதான், கைகொடுக்கலாம்னா கூட்டுக் கேள்வி கிடையாது. "ஒரு வருசம் கோயிலுக்குச் சும்மா வேலை செய்யுதேன்"ன்னான் தவசிமணி. ஏறிட்டுன்னு சனம் ஒரே மூச்சாச் சொல்லுச்சு. ஜெயசிங் எந்திரிச்சு நின்னு, "சுத்துச்சுவரு பூரா, கேட்டுத் தூணோட"ன்னு சொல்லிட்டு உக்காந்தாரு.

அதுக்கு மேல கேக்க தவசிமணிகிட்ட உசுருதான் மிச்சம். "ஒரு தரம்"ன்னேன். எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தேன், ஆட்டுச் சந்தையில கூட நான் அப்பிடி இழுத்தது கிடையாது. தண்ணி குடிச்சேன். இருமுனேன். "ரெண்டு தரம்"ன்னேன்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு கேள்வி இருக்கு"ன்னு பொம்பளைங்க பக்கம் இருந்து சொர்ணபாய் எந்திரிச்சா.

"சொல்லு."

"என் அலமாரி. பூராவும். எல்லாம் என் கையால வரைஞ்சது."

ஜெயசிங் சிரிச்சாரு. "விளையாட்டுச் சாமான வச்சா சுவரு கட்டுவிய?"ன்னாரு. அவ வெளிய கையக் காட்டுனா. கேட்ட பொருளு கண்ணுக்கு முன்னால வரணும்லா, தார்ப்பாய அவுத்து ஆம்பளைங்க கூடை கூடையாத் தூக்கிட்டு வந்தாவ. அவ கூடைக்குள்ள கையவிட்டு, தேடித் தேடி, ஒரு ஊதாக் கலரு டிராக்டர எடுத்துப் பீடத்துல வச்சா. ஹாரனுக்குப் பக்கத்துல கீறல், பின்னால 'ஜெயசிங் சேம்பர்'னு சூளையோட பேரு, அச்சு அசல். பொறவு ரெண்டாவது ஊதா. மூணாவது. நாலாவது.

சூளைப் பக்கம் இருந்து சத்தம் கேட்டுச்சு. முதல்ல மழ இரைச்சல்னு நினைச்சோம். ஜெயசிங் வெத்தலையத் துப்ப இடமில்லாம முழுங்கிட்டாரு. ஜன்னல் வழியா பாத்தா, பனிக்குள்ள இருந்து நாலு ஊதா டிராக்டரும் ஏத்துன செங்கலோட, ஓட்டுத ஆளு இல்லாம, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வந்து கேட்டுக்கு வெளிய நிக்கு. இவ நிப்பாட்டல, வச்சுக்கிட்டே போறா. செவப்பு வச்சா, வெளிய மரத்தடியில நின்ன தானியேலோட செவப்பு வண்டி உறுமுச்சு. பச்சை வச்சா, மேலத்தெருவுல ஒரு பச்சை உறுமுச்சு. கடைசியா அந்தச் சோடா மூடி வச்ச தகர டிராக்டரயும் வச்சா. அதுக்கு மட்டும் எங்கயும் ஒரு சத்தமும் வரல.

"இது என்ன ஏமாத்து?"ன்னாரு ஜெயசிங்.

"ஏமாத்து என்ன மொதலாளி, கேள்விக்கு வச்ச பொருள். அவ எடுத்தா இதெல்லாம் ஏலத்துக்கு வரும், நீங்க எடுத்தா அவ கூடையில திரும்பப் போகும். மேல கேக்கணும்னா கேளுங்க"ன்னேன். சொல்லிட்டுச் சபையப் பாத்து, "ஏறிட்டா?"ன்னேன்.

ஏறிட்டுன்னு சொன்னா அவனவன் வண்டியும் ஏலத்துக்கு வந்துரும்லா, யாருக்கு வாய் வரும்? அதுவும் போக அவ எடுத்தா வண்டி மறுபடி அவளுக்குத்தானே, தவசிமணிக்கு அதுல என்ன கிடைக்கும்? நான் நிக்கேன், மணி கையில கனக்குது. அப்ப தவசிமணிதான் வாயத் தொறந்தான். "ஏறிட்டு"ன்னான். சூளைக்குப் போகுததுக்குப் பதிலா அக்காகிட்டயே இருக்கட்டும்னு நினைச்சிருப்பான். அவனே சொன்னதுக்கு அப்புறம் மத்தவுக எப்பிடிச் சும்மா இருக்க, கோயில் பூரா "ஏறிட்டு"ன்னு சொல்லுச்சு.

ஜெயசிங் வெளிய பாத்தாரு, பொம்மையப் பாத்தாரு. அவருகிட்ட இன்னும் செங்கல் உண்டுதான். ஆனா அத இந்த நீல வண்டிக்கே கொட்டித் தீத்த பொறவு, அவ அந்த நாலு ஊதாவையும் காணிக்கையாப் பீடத்துல வச்சா? கடைசியில தன் நாலு வண்டியும் ஏலத்துக்கு வரும்போது, மீட்க எத வச்சுக் கேப்பாரு? வண்டியெல்லாம் வாசல்ல நின்னு அவரு மூஞ்சியப் பாத்துட்டே உறுமுது. மனுசன் பைய உக்காந்தாரு.

"ஒரு தரம். ரெண்டு தரம்." சொர்ணபாய் பக்கம் திரும்புனேன். "யார் பேருக்கு?"

ஜன்னலுக்கு வெளிய வேப்பமரத்தடியில நீல வண்டி நிக்கு, சீட்டுல அவ தச்சுப் போட்ட உறை இருக்கு. அவ அதையே பாத்துட்டு நின்னா. அவ தன் பேரச் சொன்னா அது தப்பே இல்ல, அவ கையால வரைஞ்சதக் கொடுத்து எடுக்கா, யாரு என்ன கேக்க முடியும்? சொல்லிருவாளோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு. சொல்லட்டுமேன்னும் இருந்துச்சு. ரூத்து கண்ண மூடிட்டா.

"தவசிமணி பேருக்கு"ன்னா.

நான் மணிய அடிச்சேன்.

அதுக்கப்புறம் பொழுது சாயுத வரைக்கும் அவ அலமாரிய ஏலம் விட்டோம். ஆளனுப்புனோம், அன்னைக்கு மட்டும் ஞானஸ்நானக் கணக்குப் பாக்கல, சுத்துப்பட்டு டிராக்டர்க்காரனெல்லாம் கோழியும் தேங்காயுமா ஓடி வந்து, அவனவன் வண்டிய அவனவன் பேருக்கு எடுத்தான், ஒருத்தன் வண்டிக்கு மத்தவன் கேக்கல. ஜெயசிங்குக்கு நாலு வண்டிக்கும் செங்கல் செலவாச்சு, எங்க சுவரு கேட்டுத் தூணோட எழும்பிட்டு. அவரு ஆசைப்பட்டதும் நடந்துச்சுன்னு வைங்க, இப்ப நாலு வண்டியும் அவரு பேச்சக் கேக்கு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பின்னால வருது, கொல்லைக்குப் போனாலும் பின்னால வருது. தவசிமணி அவன் வண்டி பின்னால வர, பிள்ளைகளோட நடந்தே வீட்டுக்குப் போனான். கிளம்பும்போது சொர்ணபாய் முன்னால வந்து நின்னு, அவ கையப் பிடிச்சுட்டு அழுதான்.

பீடத்துல கடைசியா மிஞ்சுனது அந்தத் தகர டிராக்டரு. யாரு வண்டி மாதிரியும் இல்ல, யாரு கேப்பா? மூணு தரமும் சொன்னேன், கேள்வி வரல. "வச்சவ பேருக்கே"ன்னு முறைப்படி மணிய அடிச்சுக் கொடுத்தேன். அவ அத நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு, ஒரு வருசத்துக்கு அப்புறம் பின்னால எதுவும் வராம, தனியா வீட்டுக்கு நடந்தா. எனக்கு மனசே ஆறல.

பொங்கல் கழிஞ்சு ஒரு நா மத்தியானம். நான் சந்தைக்கு ஆட்ட ஓட்டிட்டுப் போறேன், தெருவுல அவ தையல் மிசின் ஓடுத சத்தம் கேக்கு. கிழக்க, தேரிப் பக்கம், செம்மண்ணு புழுதியாக் கிளம்புச்சு. ஒரு பழைய டிராக்டரு, தகரக் கலரு, உடம்பெல்லாம் துரு, எந்தக் காட்டுலலாம் புகுந்து வந்துச்சோ ரேடியேட்டர்ல முள்ளும் கொடியும், சீட்டுல ஆளு இல்ல. நொண்டி நொண்டி வருது. மூணு சக்கரம் ஒழுங்கா இருக்கு, ஒரு முன்சக்கரத்துக்கு டயரே இல்ல, வெறும் தகரம், விளிம்பு பூரா நெளி நெளியா மடிஞ்சு, வந்த பாதையில பல்லுப் பல்லா தடம் போட்டுட்டு வருது. யாருகிட்டயும் வழி கேக்காம, நேரா சொர்ணபாய் வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு.

மிசின் சத்தம் நின்னுச்சு. அவ கழுத்துல அளவு நாடாவோட வெளிய வந்தா. வண்டியப் பாத்தா, அந்தச் சக்கரத்தப் பாத்தா, குனிஞ்சு அதத் தடவிப் பாத்தா. "இவ்வளவு வருசமா எங்க போய்க் கிடந்த?"ன்னு கேட்டா, கண்ணத் துடைச்சா, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு மேல ஏறுனா.

பாதைய அடைச்சுட்டு என் ஆடு நின்னுது. நான் ஓரமா விரட்டி விட்டேன்.